சலானைக் கட்டிவிட்டால் கதை முடிந்துவிடுமா?

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிகளில் ஏதாவது ஒன்றின் மீதாவது ஒரு சலான் நிலுவையில் இருக்கும் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். அது உரிமையாளருக்கே தெரியாமலும் இருக்கலாம். வண்டி வாங்கியபோது கொடுத்த கைப்பேசி எண் மாறிப்போயிருக்கும். குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

செய்தி சரியான கைக்கு வந்து சேர்ந்தால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். 'ஐந்நூறுதானே, தொலையட்டும்' என்று அன்றிரவே ஜிபேயில் கட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் ஒரு கட்சி. 'வண்டியை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று கட்டாமலே மறந்துபோகிறவர்கள் இன்னொரு கட்சி. சலானில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்கிறவர்கள் இரண்டு கட்சியிலும் அரிது. தொகை எவ்வளவு என்ற வரியோடு கண் நின்றுவிடுகிறது. எந்தப் பிரிவு என்று இன்னொரு வரி இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தின் தலையெழுத்து அந்த வரியில்தான் இருக்கிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நாடாளுமன்றம் 2019இல் பெரிய அளவில் திருத்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அபராதங்கள் பல மடங்கு ஏறின. தமிழ்நாடு அரசு யோசித்து யோசித்து 2022 அக்டோபரில்தான் உயர்த்திய தொகைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, காப்பீடு இல்லையென்றால் 2,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடவில்லையென்றால் 10,000 என்று டீக்கடைகளில் எல்லாம் தொகையே பேச்சாக இருந்தது. அந்த இரைச்சலில், சட்டத்தின் 200ஆம் பிரிவில் சேர்ந்துவிட்ட இரண்டு வாசகங்கள் பலருடைய கண்ணில் படவே இல்லை.

200ஆம் பிரிவுதான் ஸ்பாட் ஃபைனுக்கு வேர். நீதிமன்றப் படியேறாமல், அதிகாரம் பெற்ற அதிகாரியிடமே தொகையைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள அது வழிவிடுகிறது. முன்பெல்லாம் கட்டினால் கட்டியதோடு சரி. 2019இல் இரண்டு நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டன. இப்படிப் பணம் கட்டி முடித்த குற்றமும், அதே குற்றத்தை மறுபடி செய்தால், முதல் தடவையாகக் கணக்கில் ஏறும் என்பது ஒன்று. பணம் கட்டிவிட்டதால், உரிமத்தின் மீது 206ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி தொடங்கும் நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது என்பது மற்றொன்று.

ஆக, 'தொலையட்டும்' என்று கட்டிய ஐந்நூறோ ஆயிரமோ தொலைந்துபோவதில்லை. கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அபாயகரமாக ஓட்டியதற்கான 184ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருவது எல்லாவற்றையும் இந்தப் பிரிவின் விளக்கவுரை தன்னுள் இழுத்துக்கொண்டுவிட்டது. முதல் தடவை என்றால் அபராதம் 1,000 முதல் 5,000 வரை. 3 ஆண்டுக்குள் அதே தவறு மறுபடி நேர்ந்தால் தண்டனை 10,000 ரூபாய் அபராதமாகவோ 2 ஆண்டு வரை சிறையாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். இரண்டாவது தடவைதான் ஒருவர் வக்கீலைத் தேடி ஓடுவார். முதல் தடவை உண்மையில் அவர் சிக்னலைத் தாண்டவில்லை, கோட்டை மிதித்தபடி நின்றிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அப்போதே போய்விட்டது. கோட்டைத் தாண்டி நிறுத்துவது சாலை ஒழுங்குமுறைகளை மீறுவது. அதற்குரிய 177ஏ பிரிவு வேறு, தண்டனையும் குறைவு. உரிமத்தின் மீது கை வைக்கும் பட்டியலில் அது இல்லவும் இல்லை.

அந்தப் பட்டியலைத் தெரிந்துகொள்வது நல்லது. 206(4) சொல்லும் பிரிவுகள் இவை: 183, 184, 185, 189, 190, 194சி, 194டி, 194இ. அதாவது அதிவேகம், அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, பந்தயம் விடுவது, பழுதான அல்லது புகை கக்கும் வண்டியை ஓட்டுவது, டூவீலரில் மூன்று பேர் போவது, ஹெல்மெட் போடாதது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது. இவற்றில் ஒன்றை ஒருவர் செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, நம் பேச்சு வழக்கில் ஆர்.டி.ஓ.வுக்கு, அனுப்ப வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹெல்மெட் போடாததற்கும் 1,000, சீட் பெல்ட் போடாததற்கும் 1,000. ஆனால் ஹெல்மெட்டுக்கு 3 மாத உரிம இழப்பும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சீட் பெல்ட்டுக்கு இல்லை. காரில் போகிறவரின் தலைக்கும் பைக்கில் போகிறவரின் தலைக்கும் சட்டம் ஏன் இப்படி வேறு வேறு கணக்குப் போட்டது என்பதற்கு அதன் வாசகத்தில் விடை இல்லை.

உரிமம் போனால் என்ன, 3 மாதம் பேருந்தில் போகலாமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் சொல்லலாம். கால் டாக்சி ஓட்டுகிறவர், சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி ஓட்டுகிறவர், கொரியர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறவர் இவர்களுக்கு அந்த அட்டைதான் சோறு. வண்டியின் தவணை 3 மாதம் காத்திருக்காது.

இந்த உரிம நடவடிக்கையின் வரலாற்றில் ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குப் பங்கு உண்டு. எலும்பு முறிவு மருத்துவரான எஸ்.ராஜசேகரன், சாலை விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த வழக்கில் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடிபோதை, கைப்பேசி ஆகிய காரணங்களுக்காகப் பிடிபட்டால் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வையுங்கள் என்று. நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. சிக்கல், உத்தரவு தலைமைச் செயலகத்திலிருந்து இறங்கித் தெருமுனைக்கு வரும்போது தொடங்கியது. உரிமத்தைப் பிடிக்கலாம் என்ற அதிகாரமும், உரிமத்தை முடக்கலாம் என்ற அதிகாரமும் ஒன்றாகிவிட்டது போன்ற ஒரு நினைப்பு பரவியது.

அவை ஒன்றல்ல. 2022 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வேகமாக ஓட்டியதாகப் பிடிபட்டவரின் உரிமத்தை, போக்குவரத்துக் காவல் துறையின் உதவி ஆணையர் 90 நாளுக்கு முடக்கியிருந்தார். காவல் துறை உரிமத்தைக் கைப்பற்றி அனுப்பலாம். முடக்குவதும் ரத்து செய்வதும் உரிமம் வழங்கும் அதிகாரியின் வேலை மட்டுமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் 19ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆர்.டி.ஓ.கூட நினைத்த மாத்திரத்தில் முத்திரை குத்திவிட முடியாது. உரிமம் வைத்திருப்பவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கேட்டபின் அவரை விடுவிக்கலாம். அல்லது காரணங்களை விரிவாக எழுதி வைத்து, 206(4)இன்படி வந்த உரிமத்தை முதல் குற்றத்துக்கு 3 மாதம் முடக்கலாம். அடுத்த குற்றத்துக்கு உரிமத்தையே ரத்து செய்யலாம். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக்குப் போகவும் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டையை முன்னின்று நடத்தியவர்கள் பேருந்து ஓட்டுநர்கள். ஓர் உயிரிழப்பு நேர்ந்து முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே உரிமத்தை முடக்கும் வழக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இருந்தது. தவறு யார் மேல் என்று நீதிமன்றம் இன்னும் சொல்லியிருக்காது. அதற்குள் ஓட்டுநர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். திண்டுக்கல் உரிம அதிகாரிக்கு எதிரான ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தடுத்தது. வழக்குப் பதிவானது மட்டும் போதாது, குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த பல ஓட்டுநர்கள் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

எல்லோருக்கும் இந்தக் கவசம் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. யூடியூபில் பைக் சாகசங்களால் பெயர் வாங்கிய டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார், கைதானார். அடுத்த மாதம் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவருடைய உரிமத்தை 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை, முடக்கினார். 19ஆம் பிரிவின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு அது அளவுகோல்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? பெரும்பாலோர் நேரில் போய், 'சார், தெரியாமப் பண்ணிட்டேன், இந்த ஒரு தடவை விட்டுடுங்க' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பில் அது ஒப்புதலாகவே பதியும். எழுத்தில் பதில் கொடுப்பதுதான் முறை. எந்தச் சலான், எந்த நாள், எந்தப் பிரிவு என்று முதல் பத்தி. நடந்தது என்ன என்று இரண்டாம் பத்தி. சான்று என்ன இணைத்திருக்கிறது என்று மூன்றாம் பத்தி. முந்தைய குற்றம் எதுவும் இல்லையென்றால் அதையும், பிழைப்பு வண்டியை நம்பியிருந்தால் அதையும் சொல்லலாம். ஒரு நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை மேல்முறையீட்டுக்குப் போனால், 'என் பதிலைக் கேட்காமலே உத்தரவு போட்டார்கள்' என்று சொல்ல அந்த முத்திரைதான் சாட்சி.

இனி, கேமரா வழக்குகள். லாரி வட்டாரத்தில் இவற்றுக்கு 'ஆன்லைன் கேஸ்' என்று பெயர். வண்டி திருச்சியில் ஓடிக்கொண்டிருக்க, உரிமையாளரின் போனில் சலான் விழும். ஓட்டுநருக்கு யாரும் கை காட்டியிருக்க மாட்டார்கள். எதற்கு என்றும் தெரியாது. இந்தக் குறை நெடுநாளாக இருக்கிறது.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற புதிய விதி சேர்ந்தது. கேமரா வழக்கை மறுக்க நினைக்கிறவர் கையில் வைத்திருக்க வேண்டியது அதுதான். கேமராவோ வேகமானியோ, சரியாக இயங்குகிறது என்ற ஒப்புதல் சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைத்திருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ், அதிகாரியின் கையொப்பம் எல்லாம் சலானோடு வர வேண்டும். வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கவும் கூடாது. அந்தச் சான்றிதழ் முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்தபின் 63ஆம் பிரிவு அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

இத்தனையும் ஒரு சலானில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தையில்லை. சலானைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினால் பாதி தெரிந்துவிடும். முதலில் வண்டி: கார்க்காரருக்கு ஹெல்மெட் அணியாத வழக்கு வந்த செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். அடுத்தது நம்பர்: பி என்ற ஆங்கில எழுத்தை 8 என்றும், டி-யை 0 என்றும் கேமரா படிக்கும், பிளேட்டில் சேறு ஒட்டியிருந்தால் இன்னும் தாராளமாகப் படிக்கும். எண் ஒன்றாகவே இருந்து, வண்டியின் நிறமோ மாடலோ வேறாக இருந்தால், யாரோ போலி பிளேட் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அப்படியானால் சலானை மறுப்பது மட்டும் போதாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதும் வாங்க வேண்டும். நாளைக்கு அந்த வண்டி விபத்து ஏற்படுத்தினால் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கடைசியாக இடமும் நேரமும்: அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்தது என்பதற்கு ஃபாஸ்டாக் பதிவு, பார்க்கிங் ரசீது, சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டு ஏதாவது ஒன்று கிடைக்கலாம்.

சாலையோரத்தில் நின்றபடி காவலர் தன் கைப்பேசியில் எடுக்கும் படம் செல்லுமா என்ற கேள்வி எப்போதும் எழும். 167ஏ விதி ஸ்பீட் கேமரா, சிசிடிவி, ஸ்பீட் கன், உடலில் அணியும் கேமரா, டேஷ்போர்டு கேமரா, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, எடை பார்க்கும் கருவி என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. கைப்பேசியின் பெயர் அதில் இல்லை. ஆனால் மாநில அரசு குறிப்பிடும் பிற தொழில்நுட்பங்கள் என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. எனவே இதை வாதமாக வைக்கலாம். வென்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட முடியாது.

வேக வழக்குகளுக்கென்று சட்டம் இரண்டு காப்புகளை வைத்திருக்கிறது. 'பார்த்தால் எண்பதில் வந்தது போலிருந்தது' என்று ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் 183இன் கீழ் தண்டிக்கக் கூடாது. கருவி ஒன்று அளந்திருக்க வேண்டும். இன்னொரு காப்பு 209ஆம் பிரிவு. அதிவேகத்துக்கோ அபாயகரமாக ஓட்டியதற்கோ ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், சம்பவத்தின்போதே அவரை எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் ஓட்டியவருக்கோ உரிமையாளருக்கோ நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சார்வாகியிருக்க வேண்டும். பிரிட்டனிலும் இதே 14 நாள் கணக்கு இருக்கிறது. அங்கே ஓட்டுநர்கள் தபால் வரும் நாளை விரல்விட்டு எண்ணுகிறார்கள். இங்கே அப்படி ஒரு பிரிவு இருப்பதையே பேச்சில் கேட்க முடிவதில்லை. ஒரு எச்சரிக்கை: முகவரி மாறியதைப் பதியாமல் விட்டவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. தாமதத்துக்கு அவரே காரணம் என்றோ, தேடியும் முகவரி கிடைக்கவில்லை என்றோ நீதிமன்றம் கருதினால் விலக்கு உண்டு.

வேக வரம்பு எவ்வளவு என்பதே குழப்பமாக இருந்த காலமும் உண்டு. சென்னையில் 2023 ஜூனில் 40 கி.மீ.க்கு மேல் போனால் அபராதம் என்ற செய்தி பரவி, ஊரே கொந்தளித்தது. அண்ணா சாலையில் 40இல் போனால் பின்னால் வருகிறவன் முட்டுவான் என்று பேசாதவர் இல்லை. பிறகு நவம்பரில் புதிய வரம்புகள் வந்தன: கார்களுக்கு 60, கனரக வண்டிகளுக்கும் டூவீலர்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. மாநில அரசு வரம்பு வைத்தால் அரசிதழில் அறிவித்து, உரிய பலகையும் வைக்க வேண்டும் என்பது 112ஆம் பிரிவு. பலகை மரக்கிளைக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது வீண்போகாது.

கேமராவுக்குப் பதில் ஆளே கை காட்டி நிறுத்தினால்? அங்கே வாதாடுவதில் பயனில்லை. அதிகாரியின் கட்டளையை மீறியதாகவோ பணியைத் தடுத்ததாகவோ 179ஆம் பிரிவு பாய்ந்தால் அது தனியாக 2,000 ரூபாய். ஆர்.சி. புக்கும் லைசென்ஸும் கையில் இல்லை என்றால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டலாம். 139ஆம் விதி அதை ஏற்கிறது. செயலியைத் திறந்து காட்ட வேண்டும். கேலரியில் கிடக்கும் ஸ்கிரீன்ஷாட் ஆவணமாகாது. உரிமத்தைக் கைப்பற்றினால் தற்காலிக ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. 206இன் மற்ற உட்பிரிவுகளில் கைப்பற்றினால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அதில் குறித்த நாள்வரை வண்டி ஓட்டலாம். 4ஆம் உட்பிரிவில் கைப்பற்றினால், சீட்டு இருந்தும் ஓட்டக் கூடாது. தெரியாமல் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த திருப்பத்தில் புது வழக்கு ஒன்றுக்கு ஆளாகலாம். சீட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று ஹெட்லைட் வெளிச்சத்திலாவது பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காவல் துறைக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். பொருந்தும், அதுவும் இரட்டிப்பாக. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால் இரு மடங்கு அபராதம் என்று 210பி சொல்கிறது. 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்த காணொளி பரவியது. அதன் சூடு ஆறுவதற்குள் மாநிலத்தின் பல ஊர்களில் அரசுப் பேருந்துகள் மீது நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று வரிசையாக அபராதங்கள் விழுந்தன. காவலரும் நடத்துநரும் கட்டித் தழுவிக்கொண்ட காணொளியோடு அந்தச் சண்டை முடிந்தது. ஆனால் சலான் என்பது சில நேரம் சாலைப் பாதுகாப்பைத் தவிர வேறு காரணங்களுக்கும் எழுதப்படுகிறது என்பதை அந்த ஒரு வாரம் எல்லோரும் பார்க்கக் காட்டிவிட்டது.

மறுப்பது என்று முடிவு செய்தால் முதல் படி, இ-சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதி. வண்டி எண் தவறு, படம் வேறு வண்டியுடையது போன்ற வெளிப்படையான பிழைகள் அங்கேயே தீரலாம். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வழி வேறு. 2019 ஜூலையில் டெல்லியில் தொடங்கிய இந்த முறை தமிழ்நாட்டிலும் இருக்கிறது. திரையில் இரண்டு தெரிவுகள் இருக்கும்: சொல்லப்பட்ட அபராதத்தைக் கட்டுகிறேன் என்று ஒன்று, வழக்கை எதிர்த்து நடத்துகிறேன் என்று ஒன்று. இரண்டாவதைத் தொட்டால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே நாள் பார்த்துப் போக வேண்டும், விடுப்பு எடுக்க வேண்டும், வாய்தா வாங்கினால் மறுபடியும் போக வேண்டும். 500 ரூபாய் நோ பார்க்கிங் வழக்குக்காக இதையெல்லாம் செய்வது மெனக்கெட்ட வேலை. 184 என்றோ 183 என்றோ எழுதிய சலான் தவறாக வந்திருந்தால் அந்த அலைச்சல் தகும். உண்மையிலேயே சிவப்பு விளக்கில் போனவர், நோட்டீஸ் ஒரு நாள் தாமதம் என்று வாதாடித் தப்புவதை அவையில் யாரும் கொண்டாட வேண்டியதில்லை; அவர் தாண்டிய அந்தச் சாலையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

வண்டியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தவர்கள் 133ஆம் பிரிவை நினைவில் வைக்க வேண்டும். சலான் உரிமையாளர் பெயரில் வரும். ஓட்டியவர் யார் என்று காவல் துறை கேட்டால் பெயர், முகவரி, உரிமம் பற்றித் தெரிந்ததைச் சொல்வது உரிமையாளரின் கடமை. மச்சானைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தானே கட்டிவிடுகிறவர், மச்சானின் குற்றத்தைத் தன் கணக்கில் முதல் தடவையாக வரவு வைத்துக்கொள்கிறார். மச்சான் 18 வயதுக்குக் கீழ் என்றால் கதை இன்னும் மோசம். 199ஏ பிரிவு பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

கட்டாமலே விட்டுவிடுகிற கட்சிக்கு அரசுகளே சில சமயம் ஆள் சேர்க்கின்றன. 2022 மார்ச்சில் தெலங்கானா, டூவீலர் நிலுவைகளுக்கு 75 சதவீதம் தள்ளுபடி தந்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் பாதி கட்டினால் போதும் என்றது. சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் குவிந்தது. உடனே கட்டியவன் ஏமாளி என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக நடத்த முடியாது. தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். பெயர் மாற்றமோ எஃப்.சி.யோ தேவைப்படும் நாளில் நிலுவைச் சலான் கணினியில் குறுக்கே வந்து நிற்கும். வண்டியை வாங்க வந்தவர் பக்கத்தில் காத்திருக்க, விற்கிறவர் மூன்று வருடத்துக்கு முந்தைய சலானைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த அவசரத்தை மோசடிக்காரர்களும் மோப்பம் பிடித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டால் போவது அபராதம் இல்லை, வங்கிக் கணக்கு. அரசு தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும். அரசு யாருக்கும் ஏபிகே கோப்பை அனுப்பிப் பணம் கேட்பதில்லை.

ஓட்டுநரின் வரலாறு உரிமத்தோடு நின்றுவிடும் என்பதும் நிச்சயமில்லை. பிரிட்டனில் 3 ஆண்டுக்குள் 12 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் வண்டி ஓட்டும் உரிமை போய்விடும். காப்பீட்டுக் கட்டணமும் புள்ளிகளைப் பார்த்தே ஏறும். இங்கேயும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு ஒன்று 2021 ஜனவரியில் இதே பாதையில் ஒரு வரைவறிக்கை தந்தது. குடிபோதையில் ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி, சேர்ந்த புள்ளிக்கு ஏற்பக் கூடுதல் பிரீமியம் என்பது அதன் யோசனை.

பழைய கறையைக் கழுவ வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. நீதிமன்றத் தண்டனை உரிமத்தில் குறிப்பாகப் பதிந்திருந்தால், புது உரிமமோ நகலோ வாங்கினாலும் அது கூடவே வரும். ஆனால் கடைசிக் குறிப்புக்குப் பிறகு தொடர்ந்து 3 ஆண்டுகள் வேறு குறிப்பு எதுவும் விழாமல் ஓட்டியவர், பழைய உரிமத்தை ஒப்படைத்துக் குறிப்பில்லாத புது உரிமம் கேட்கலாம் என்கிறது 24ஆம் பிரிவு. வேக வரம்பை மீறியது மட்டுமே குறிப்பு என்றால் 1 ஆண்டு போதும். உரிமம் முடக்கப்பட்டிருந்த காலம் கணக்கில் சேராது. யாரும் தானாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். உரிமத்துக்கு உரியவர்தான் போய்க் கேட்க வேண்டும். இதற்கான கட்டணம் என்று சட்டப் புத்தகத்தில் இன்னமும் அச்சாகியிருப்பது 5 ரூபாய். 1988இன் விலைவாசி அது.